ஸ்லோவில் ‘டொக் டொக்’ சத்தம்: இன்ஜினை இறக்கச் சொல்கிறார்கள், இறக்கலாமா?

கேள்வி, ஜூன் 4

அண்ணா, 12 சக்கர வண்டி, 6 சிலிண்டர் டர்போ டீசல், பி.எஸ்.4. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஸ்லோவில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் ஓடவிடும்போது) ‘டொக் டொக்’ என்று அடிக்கிறது. கொஞ்ச நேரத்தில் சத்தம் தானாக நின்றுவிடுகிறது. ஹைவேயில் ஒன்றும் இல்லை. ஊருக்குள் நுழைந்தால் மறுபடி வருகிறது. பட்டறையில் பார்த்துவிட்டு, கிராங்க் பேரிங் போய்விட்டது, இன்ஜினை இறக்கியே ஆகவேண்டும் என்கிறார்கள். வண்டிக்கு இன்னும் டியூ ஓடிக்கொண்டிருக்கிறது. இறக்கட்டுமா?

ஜூன் 4, இரவு

இப்போதைக்கு இறக்காதீர்கள் தம்பி. பேரிங்காகவும் இருக்கலாம், ஆனால் நீங்கள் எழுதியதில் பேரிங்குக்குப் பொருந்தாத ஒன்று இருக்கிறது. ராட் பேரிங் (பிஸ்டனின் ராடு கிராங்கோடு சேரும் இடத்துப் பேரிங்) தேய்ந்தால் இன்ஜின் சூடேற ஏற ஆயில் இளகும், பிரஷர் இறங்கும், சத்தம் கூடும். உங்களுக்குச் சூடானதும் நிற்கிறது என்கிறீர்கள். இது நேர் எதிர்.

இதற்கெல்லாம் பதில் எழுதுங்கள். நன்றாகச் சூடான பிறகு ஸ்லோவில் ஆயில் பிரஷர் முள் எங்கே நிற்கிறது? புகை என்ன நிறம்? மேட்டில் இழுவை குறைந்திருக்கிறதா? சத்தம் ரேடியேட்டர் பக்கமா, கியர்பாக்ஸ் பக்கமா? ரேஸ் கொடுத்தால் கூடுகிறதா, மறைகிறதா?

பதில் வரும்வரை லோடு ஏற்ற வேண்டாம். ஒருவேளை பேரிங்காகவே இருந்தால் ஒரே ஓட்டத்தில் கனெக்டிங் ராட் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அப்புறம் இறக்கிப் பார்க்க இன்ஜினே மிஞ்சாது.

ஜூன் 5, காலை

நேற்று ஏன் இத்தனை கேள்வி கேட்டேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. குளிரில் வந்து சூட்டில் மறையும் சத்தம் என்றால் என் மனதில் முதலில் வருவது மேனிஃபோல்டு (சிலிண்டர்களிலிருந்து புகையை வெளியே எடுத்துப்போகும் வார்ப்பிரும்புக் குழாய்) லீக். நான் முன்பு ஓட்டிய வண்டியில் இதேபோல் காலையில் ‘டிக் டிக் டிக்’ என்று வந்தது. நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் பாகம்) என்று சொன்னார்கள். ஆறு நாசிலையும் கழற்றி பம்ப் கடைக்கு அனுப்பி, டெஸ்ட் செய்து, திருப்பி மாட்டி, பில் கட்டிய பிறகும் மறுநாள் காலையில் அதே டிக் டிக். கடைசியில் டார்ச் அடித்துப் பார்த்தபோது கடைசி சிலிண்டர் பக்கம் மேனிஃபோல்டு ஸ்டட் ஒன்று தலை உடைந்து கிடந்தது. அந்த இடத்தில் ஹெட்டின் மேல் விசிறி விரித்ததுபோல் கரி படிந்திருந்தது. பேக்கிங்கைத் தாண்டிப் புகை அடித்த தடம் அது. வார்ப்பிரும்பு சூடாகி விரிந்ததும் அந்தச் சந்து அடைபட்டு, சத்தம் நின்றுபோகும். ஒரு ஸ்டட், ஒரு பேக்கிங், அவ்வளவுதான் வேலை.

அதனால் உங்கள் வண்டியிலும் மேனிஃபோல்டைச் சுற்றிக் கரித்தடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் மேனிஃபோல்டு லீக் ‘டிக்’ என்று மெல்லிசாகத்தான் கேட்கும். நீங்கள் ‘டொக்’ என்கிறீர்கள். இந்த வித்தியாசம் முக்கியம். முடிந்தால் போனில் பதிவு செய்து போடுங்கள்.

ஜூன் 5, மாலை

தம்பி பதில் போட்டிருக்கிறார். ஆயில் பிரஷர் எப்போதும் போல. புகை இல்லை. இழுவையும் குறையவில்லை. கரித்தடம் எங்கும் இல்லை. சத்தம் முன்பக்கம், டைமிங் கியர்கள் இருக்கும் டைமிங் கேஸ் பக்கத்தில்.

பதிவையும் கேட்டேன். கனமான அடிதான், பயப்பட வைக்கிற சத்தம்தான். பட்டறைக்காரர் பேரிங் என்று சொன்னதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் மதியம் முழுக்க ஒரே ஒரு வரி என்னை விடவில்லை: ‘ஊருக்குள் நுழைந்தால் மறுபடி வருகிறது.’ ஊருக்குள் இன்ஜின் குளிர்ந்துவிடுவதில்லை. அப்படியானால் குளிர், சூடு என்ற கணக்கே இங்கே செல்லாது. ஊருக்குள் ஹைவேயில் செய்யாத எதை அதிகமாகச் செய்கிறோம்? பிரேக் மிதிக்கிறோம். நம் வண்டியில் பிரேக் வேலை செய்வதே காற்றழுத்தத்தில்தான், பிரேக் மிதித்தால் டேங்கில் காற்று குறையும். காற்று குறைந்தால் டேங்கை நிரப்பும் ஏர் கம்ப்ரசர் வேலை செய்ய ஆரம்பிக்கும்.

இப்போது காலை நேரத்தை யோசித்துப் பாருங்கள். ராத்திரி நின்ற வண்டியில் இன்ஜின் மட்டுமா குளிர்ந்திருக்கிறது, டேங்கில் காற்றும் இறங்கியிருக்கிறது. ஸ்டார்ட் செய்ததும் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தே மாறுகின்றன. இன்ஜின் சூடாகிறது, டேங்கும் நிரம்புகிறது. நாம் சூட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜூன் 5, மாலை, தொடர்ச்சி

சோதனையை எழுத விட்டுப்போயிற்று. சூட்டையும் காற்றையும் தனித்தனியாகப் பிரிக்கவேண்டும்.

சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இன்ஜின் நன்றாகச் சூடாக இருக்கட்டும். ஸ்லோவில் ஓடவிட்டு, ஏர் மீட்டர் சுமார் 8 ‘பார்’ அழுத்தத்துக்கு வந்து ‘புஸ்’ என்று காற்று வெளியேறும்வரை பொறுங்கள். சத்தம் அந்த ‘புஸ்’ஸோடு நிற்கிறதா என்று கவனியுங்கள். அப்புறம் கேபினில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்து மிதித்து விடுங்கள். முள் இறங்கி, கம்ப்ரசர் மறுபடி பம்ப் செய்யத் தொடங்கும் இடத்தில் சத்தம் திரும்ப வரவேண்டும். ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் முள்ளும் சத்தமும் கைகோத்துக்கொண்டே போனால் உங்கள் கிராங்க் பத்திரமாக இருக்கிறது.

காற்று ரொம்ப இறங்கினால் பின்சக்கர ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், பயப்பட வேண்டாம். அதற்காகக் கட்டை வைப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஜூன் 6

காற்று நிரம்பிய பிறகு கம்ப்ரசர் நின்றுவிடுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நிற்காது. நம் வண்டிகளில் பெரும்பாலும் கம்ப்ரசர் டைமிங் கியரில் நேரடியாக மாட்டியிருக்கும். இன்ஜின் சுற்றும்வரை அதுவும் சுற்றும். டேங்க் நிரம்பியதும் அது அழுத்தும் காற்றுக்கு வெளியே வழி கிடைக்கும், இல்லையென்றால் அதன் வால்வு திறந்தபடியே நிற்கும். பிஸ்டன் மேலும் கீழும் சும்மா போய்வரும், தலையில் சுமை இருக்காது. சுமை இல்லாதபோது தேய்ந்த பேரிங்கும் சத்தம் போடாது. அதனால்தான் இந்தச் சத்தம் வருவதும் போவதுமாக ஆளைக் குழப்புகிறது. கம்ப்ரசருக்குள்ளும் ஒரு சின்ன கிராங்க், ராட், பேரிங் எல்லாம் இருக்கிறது. பேரிங் சத்தம் என்று காது சொன்னது சரிதான். எந்தப் பேரிங் என்பதுதான் கேள்வி.

ஜூன் 6, இரவு

திருப்புளி வைத்துக் கேட்பதைப் பற்றி இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். நல்ல பழக்கம். நீளமான திருப்புளியின் முனையை இரும்பில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் அழுத்தினால் உள்ளே நடப்பது தெளிவாகக் கேட்கும். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. டைமிங் கேஸ், பிளாக், கம்ப்ரசர் எல்லாம் ஒன்றோடொன்று போல்ட் போட்ட இரும்பு. ஒரு இடத்து அடி எல்லா இடத்திலும் கேட்கும். எங்கே கேட்கிறது என்பது போதாது, எங்கே மிக உரக்கக் கேட்கிறது என்று ஒவ்வொரு இடமாக ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். ஆயில் சேம்பரின் மேல் வைத்துக் கேட்டுவிட்டு கிராங்க் என்று சொன்னால், கம்ப்ரசர் அடியையும் கிராங்க் அடியாகத்தான் சொல்லுவீர்கள்.

துண்டு, தொளதொளச் சட்டை, கழுத்துச் சங்கிலி எதுவும் இல்லாமல் போங்கள். ஃபேன் பக்கத்தில் தலையை நீட்டிக்கொண்டு செய்கிற வேலை இது. ஓடுகிற இன்ஜினில் தோளில் துண்டோடு குனிகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

போன் பதிவை மெதுவாக ஓட்டிக் கேட்பது இன்னொரு வழி. ஸ்லோவில் இன்ஜின் நிமிடத்துக்கு 600 சுற்று என்றால் கிராங்க் நொடிக்கு 10 முறை சுற்றும், கேம்ஷாஃப்ட் அதில் பாதி, 5 முறை. நொடிக்கு 5 அடி வந்தால் டேப்பட், வால்வு, அல்லது ஒரே ஒரு சிலிண்டரில் எரிவது சம்பந்தமான சத்தம். 10 அடி வந்தால் கிராங்கோடு சுற்றும் ஏதோ ஒன்று. கம்ப்ரசரின் வேகம் கியர் பற்களைப் பொறுத்து இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், அதனால் அதை எண்ணிக்கையால் பிடிப்பதைவிட ஏர் மீட்டரால் பிடிப்பது சுலபம்.

ஜூன் 7

தம்பியிடமிருந்து போன். ‘புஸ்’ என்றதும் நின்றது, பிரேக் மிதித்து இறக்கியதும் வந்தது, ஒவ்வொரு தடவையும் அப்படியே. குரலிலேயே நிம்மதி தெரிந்தது. எனக்கும்தான்.

கம்ப்ரசர் சிலிண்டரின் மேல் திருப்புளி வைத்தபோது காதில் அறைந்ததுபோல் கேட்டதாம். நாளை கழற்றுகிறார்கள்.

ஜூன் 7, இரவு

வேறொருவர் கேட்டிருக்கும் ‘சைரன்’ சத்தம் தனி விஷயம், ஆனாலும் இங்கேயே எழுதிவிடுகிறேன். லோடோடு மேடு ஏறும்போது ‘உய்ய்ய்’ என்று ஏறுகிறது, ஆக்ஸிலேட்டரை விட்டால் இறங்குகிறது, கூடவே கறுப்புப் புகை, இழுவை இல்லை. இதைக் கேட்டதும் டர்போவை மாற்றச் சொல்கிறவர்கள் அதிகம். முதலில், காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவிலிருந்து அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், இன்டர்கூலரிலிருந்து இன்ஜினுக்கும் போகும் ஹோஸ்களைப் பாருங்கள். கிளிப் தளர்ந்தாலோ, ஹோஸின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தாலோ, அழுத்தத்தில் காற்று அந்த வழியாக விசிலடித்துக்கொண்டு வெளியேறும். சும்மா நிற்கும்போது அந்த வெடிப்பு மூடியே இருக்கும். கையால் பிதுக்கிப் பார்த்தால்தான் வாய் திறக்கும். காற்று குறைந்து டீசல் அதே அளவு போவதால் புகை கறுக்கிறது.

டர்போவே போயிருந்தால் அடையாளம் வேறு. இன்ஜினை நிறுத்தி, ஆறிய பிறகு, காற்று வரும் குழாயைக் கழற்றி டர்போ ஷாஃப்டைக் கையால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கும், அது இயல்பு. ஷாஃப்ட் ஆயில் படலத்தின் மேல் மிதக்கும்படிதான் செய்திருக்கிறார்கள். இறக்கை அதைச் சுற்றியுள்ள கூட்டில் உரசுகிற அளவு ஆடினாலோ, இறக்கை நுனி தேய்ந்து பளபளத்தாலோ, முன்னும் பின்னும் தெளிவாக நகர்ந்தாலோ டர்போ முடிந்தது. ஆயில் குடித்து நீலப்புகை விட்டாலும் சந்தேகப்படலாம்.

அந்த ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்று வரை போகக்கூடியது. கணவாய் ஏறி முடித்து, டீக்கடையில் நிறுத்தியதும் சாவியைத் திருப்பினால் ஆயில் வரத்து நின்றுவிடும், ஆனால் டர்போவின் சூடு நிற்காது. அங்கே தேங்கிய ஆயில் கரியாகிவிடும். டீ சொல்லிவிட்டு வரும்வரை ஸ்லோவில் ஓடவிடுங்கள்.

ஜூன் 8, காலை

முந்தைய குறிப்பைப் படித்த ஒருவர், நாசில் பைப் நட்டைத் தளர்த்தி எந்த சிலிண்டர் சத்தம் என்று கண்டுபிடிப்பது பற்றி எழுதியிருக்கிறார். இதற்கு உடனே பதில் எழுதவேண்டும்.

பழைய பம்ப் வண்டியில் அது காலங்காலமாகச் செய்கிற வேலை. ஒரு நட்டைத் தளர்த்தினால் அந்த சிலிண்டர் எரியாது. சத்தம் மாறினால் அதுதான். ஆனால் காமன் ரெயில் வண்டியில் (எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) ஓடும் இன்ஜினில் அந்த நட்டைத் தொடவே கூடாது. அந்தக் குழாயில் டீசல் 1600 பாரும் அதற்கு மேலும் போகும். உங்கள் ஏர் டேங்கில் இருப்பது 8 பார், அதைப்போல் 200 மடங்கு. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூடப் பெரிதாக இருக்காது. உள்ளே சதை செத்துக்கொண்டிருக்கும். யாருக்காவது அப்படி ஆகிவிட்டால் கழுவிவிட்டு வேலையைத் தொடராமல், உடனே அறுவை சிகிச்சை வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். தாமதித்தால் விரலை, சில சமயம் கையையே எடுக்க நேரிடும்.

காமன் ரெயிலில் ஸ்கேனர் போட்டு ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்க்கலாம். ஸ்கேனர் இல்லையென்றால் இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு நாசிலின் கனெக்டரைக் கழற்றி, மறுபடி ஸ்டார்ட் செய்து கேட்கலாம். ஓடும்போது கழற்றாதீர்கள். அந்த ஒயரில் வருவது பேட்டரியின் 24 வோல்ட் இல்லை, அதைவிட நல்ல அதிகம்.

ஜூன் 8, இரவு

கம்ப்ரசரைத் திறந்துவிட்டார்கள். தம்பி அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ராட் பேரிங்கின் ஒரு பக்கம் செம்பு நிறம் தெரியும்வரை தேய்ந்திருக்கிறது. ஹெட்டைத் திருப்பி வைத்த படத்தில், காற்று வெளியேறும் வால்வைச் சுற்றிக் கரி கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஓரமாக ஈர ஆயில் மினுங்குகிறது. கம்ப்ரசரிலிருந்து காற்று வெளியே போகும் டெலிவரி பைப்பின் வாயும் பாதி அடைத்துவிட்டது.

புதுக் கம்ப்ரசரா, ரீகண்டிஷனா என்று கேட்கிறார். கிராங்கும் தேய்ந்திருந்தால் புதிதாகவே போட்டுவிடுங்கள். எதைப் போட்டாலும் அந்த டெலிவரி பைப்பைச் சுத்தம் செய்யாமல் அல்லது மாற்றாமல் மாட்டாதீர்கள். அடைத்த பைப்பில் புதுக் கம்ப்ரசரும் இதே கதிக்கு வந்துவிடும். ஏர் டேங்க் டிரெயினையெல்லாம் திறந்து, தண்ணீரோடு ஆயில் வருகிறதா என்று பார்த்துச் சுத்தமாக வடித்துவிடுங்கள். காற்றின் ஈரத்தை எடுக்கும் ஏர் டிரையர் ஃபில்டரும் ஆயில் குடித்திருக்கும், அதையும் சேர்த்து மாற்றுங்கள்.

ஜூன் 9

படுத்த பிறகும் யோசனை ஓயவில்லை. கம்ப்ரசர் ஏன் தேய்ந்தது? பி.எஸ்.4 வண்டி, அப்படியொன்றும் பழையதில்லை. இன்ஜின் ஆயில்தான் கம்ப்ரசருக்கும் போகிறது, இன்ஜினில் பிரஷர் நன்றாக இருக்கிறது.

தம்பி, காலையில் காற்று எவ்வளவு இறங்கியிருக்கும்? பூஜ்யத்துக்கே வந்துவிடுமா? அப்படியென்றால் எங்கோ லீக் இருக்கிறது. லீக் இருந்தால் கம்ப்ரசருக்கு ஓய்வே கிடைக்காது. பம்ப் செய்துகொண்டே இருக்கும், சூடாகும், ஆயில் கரியாகும், பைப் அடைக்கும், மேலும் சூடாகும். டேங்கை நிரப்பி, இன்ஜினை நிறுத்தி, முள்ளைப் பாருங்கள். அப்புறம் பிரேக்கை ஒருவர் அழுத்திப் பிடித்திருக்க, இன்னொருவர் ஒவ்வொரு பிரேக் சேம்பர் (சக்கரத்தருகே காற்று போய் பிரேக்கைத் தள்ளும் டப்பா), ஹோஸ், வால்வு பக்கமாகக் காதை வைத்துக்கொண்டு வரவேண்டும். கேட்கவில்லையென்றால் சோப்புத் தண்ணீர்.

ஜூன் 9, மாலை

பின் ஆக்ஸிலில் ஒரு பிரேக் ஹோஸ், சேஸிஸில் உரசி உரசி நைந்திருக்கிறது. பிரேக் அழுத்தும்போது மட்டும் சோப்பு நுரைக்கிறது. அதோடு ஒரு சேம்பரில் டயாஃப்ரம் லீக். இரண்டையும் மாற்றச் சொல்லிவிட்டேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆகவேண்டும். இவ்வளவு நாளும் இதை இன்ஜின் சத்தமாகவே பேசிக்கொண்டிருந்தோம். உண்மையில் இது பிரேக் பிரச்சினை. தேய்ந்த கம்ப்ரசர், அடைத்த பைப், ஒழுகும் ஹோஸ், மூன்றும் சேர்ந்த வண்டி லோடோடு தருமபுரி தாண்டி தொப்பூர் கணவாயில் இறங்கினால் என்ன ஆகும்? இறக்கத்தில் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கும்போது காற்று போகிற வேகத்துக்கு நிரம்பாது. அந்த இறக்கத்தில் எத்தனை வண்டிகள் கட்டுப்பாடு இழந்து முன்னால் போகிறவர்கள்மேல் ஏறியிருக்கின்றன என்பது இந்தப் பக்கம் ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். அங்கே நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிறவர்களை நான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், வேண்டாம். கீழ் கியரில், எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகை வழியை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) போட்டு இறங்குங்கள். மேலே நிற்கும்போதே ஏர் மீட்டரை ஒருமுறை பாருங்கள்.

ஜூன் 10

பி.எஸ்.6 வண்டிக்காரர் ஒருவர்: நிறுத்தியிருக்கும்போதே ஸ்லோ தானாக ஏறி, இன்ஜின் உறுமுகிறது, சைலன்சர் பக்கம் அனல் அடிக்கிறது. அது கோளாறு இல்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. சேர்ந்த கரியை இன்ஜின் தானே எரிக்கிறது. டேஷ்போர்டில் அதற்கான விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பாதியில் நிறுத்தாமல் முடிக்கவிடுங்கள். காய்ந்த புல், வைக்கோல் பக்கம் மட்டும் நிறுத்தாதீர்கள்.

ஜூன் 11

கம்ப்ரசர் மாட்டி ஓட்டியாயிற்று. சத்தம் இல்லை. டேங்க் நிரம்புவதும் முன்னைவிட வேகமாக இருக்கிறதாம். ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில் முள் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது.

இதைப் படித்துவிட்டு எல்லா ‘டொக் டொக்’கும் கம்ப்ரசர்தான் என்று யாரும் ஓட்டிக்கொண்டு போய்விடக்கூடாது. சூடான பிறகு ஸ்லோவில் ஆயில் பிரஷர் இறங்கி, சத்தம் கூடி, ஒரு சிலிண்டரை நிறுத்தியதும் அந்த அடி பாதியாகக் குறைந்தால் அது ராட் பேரிங்தான். ஆயிலை வெள்ளைத் தட்டில் வடித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். ஆயில் ஃபில்டரை அறுத்து, உள்ளே இருக்கும் தாளை விரித்துப் பாருங்கள். மடிப்புகளில் மினுமினுப்பு, அதிலும் செம்பு நிறத்தில் தெரிந்தால் வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகக்கூடாது. கட்டி இழுத்துத்தான் போகவேண்டும். அப்போது இன்ஜினை இறக்கச் சொல்கிறவர் உங்களுக்கு நல்லதுதான் சொல்கிறார்.

ஜூன் 13

சைரன் சத்தம் கேட்டவர் ஹோஸ் எல்லாம் சரியாக இருக்கிறது, டர்போ ஷாஃப்டிலும் ஆட்டம் இல்லை என்கிறார். அப்படியானால் இன்டர்கூலரையே பாருங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் இருப்பதால் கல்லடி பட்டோ, பக்கத் தொட்டி இணைப்பில் அதிர்வால் விரிந்தோ ஒழுகலாம். கழற்றி, ஒரு பக்கம் அடைத்து, மறுபக்கம் குறைந்த அழுத்தத்தில் காற்று கொடுத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கினால் குமிழ் காட்டிக்கொடுத்துவிடும். டயர் கடை கம்ப்ரசரை முழு அழுத்தத்தில் திறக்கச் சொல்லாதீர்கள், இன்டர்கூலர் வெடித்துவிடும். பார்த்துவிட்டு எழுதுங்கள்.